கை கழுவும் நேரத்தில் மனத்துக்கும் ஒரு பழக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மன உறுதியை வளர்த்துக்கொள்வதற்குப் பத்து வழிகளை வரிசைப்படுத்தி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடும் இரண்டாம் முறை சற்றே மனத்தாங்கலோடும் படித்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் ஒதுக்கப்படும் பக்கத்தில் மனத்துக்கும் இடம் கிடைத்ததே என்பது மகிழ்ச்சி. ஆனால் விடியற்காலையில் எழுவது தொடங்கி இரவில் நாட்குறிப்பு எழுதுவது வரை பத்தையும் நாளைக்கே தொடங்கிவிடுங்கள், 21 நாள்களில் நீங்கள் புதிய மனிதர் ஆகிவிடுவீர்கள் என்று அக்கட்டுரை முடிந்தபோது, ஏற்கெனவே சோர்ந்து கிடக்கும் ஒருவர் இதைப் படித்தால் தம் தலையில் பதினோராவதாக இன்னொரு சுமை ஏறியதாகத்தானே நினைப்பார் என்று தோன்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மனநல மருத்துவம் படித்தவள் அல்லள். எனினும் மனம் உடைவதையும் அது திரும்ப ஒட்டுவதையும் அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், அக்கட்டுரைக்கு மறுமொழியாகச் சிலவற்றை எழுதத் துணிகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி. ‘மன உறுதி’ என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது அசையாத பாறை. எது வந்தாலும் கலங்காதவர், குரல் தழுதழுக்காதவர் எவரோ அவரே மன உறுதி வாய்ந்தவர் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நான் பணியாற்றிய பிரிவின் வாசலில் துயரச் செய்தியைக் கேட்டு நின்ற குடும்பங்கள் எத்தனையோ. அன்று ஒரு துளிக் கண்ணீரும் சிந்தாமல் காகிதங்களில் கையெழுத்திட்டுவிட்டுப் போன ஒருவர், பல மாதங்கள் கழித்து அதே வாசலுக்கு வந்து, ஏன் வந்தோம் என்று தமக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். தரையில் புரண்டு அழுத வேறொருவர் மறுவாரமே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பியதையும் கண்டிருக்கிறேன். இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. ஆகவே அழுகையும் அழாமையும் இதற்கு அளவுகோல் ஆகா. ஆடிப்போன மனம் எவ்வளவு காலத்தில், எவ்வளவு சேதத்தோடு தன் நிலைக்குத் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உளவியலார் வழங்கும் ‘மீள்திறன்’ என்ற சொல் எனக்கு உவப்பாக இருப்பது அதனால்தான். சாய்வதற்கு அந்தச் சொல்லில் அனுமதி இருக்கிறது.

இந்தத் திறன் அபூர்வமான சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று கருதுவதும் பிழையே. குழந்தைகளின் மீள்திறனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலார் ஆன் மாஸ்டன், 2001இல் எழுதிய கட்டுரையில், இது சாதாரணமானவற்றிலிருந்தே பிறக்கும் ஒரு மாயம் என்ற பொருளில் குறிப்பிட்டார். சாதாரணமானவை என்று அவர் சொன்னவை நாம் எல்லாரும் அறிந்தவைதாம்: அக்கறை காட்டும் பெரியவர் ஒருவர், தன் உணர்ச்சியையும் நடத்தையையும் ஓரளவு தானே நெறிப்படுத்திக்கொள்ளும் திறன், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. இவற்றுள் நடுவில் உள்ளதைப் பற்றியே இக்கடிதத்தில் பெரிதும் பேச விரும்புகிறேன், ஏனெனில் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகினால் வரக்கூடியது அதுவே.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரே இரவில் எங்கள் பிரிவில் அடுத்தடுத்துச் சில உயிர்களை இழந்தோம். மூன்றாம் நாள், நிர்வாகம் எங்கள் எல்லாரையும் ஓர் அறையில் வட்டமாக உட்காரவைத்து, அன்றிரவு என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னது. இரண்டு மணி நேரம் நடந்தது. நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதுவரை தன் வழியில் தேறிக்கொண்டிருந்த இளம் செவிலியர் ஒருத்தி, மற்றவர்கள் வாயிலிருந்து வந்த விவரங்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வெளியே போனாள். அவளுக்குத் தூக்கம் கெட்டது அதற்குப் பிறகுதான். இது எங்கள் மருத்துவமனையில் மட்டும் நேர்ந்த தவறு அன்று என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. தீக்காயம் அடைந்தோரிடம் இப்படி ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. 13 மாதங்கள் கழித்து, அமர்வில் பங்கேற்றோரில் 26 விழுக்காட்டினருக்கும் பங்கேற்காதோரில் 9 விழுக்காட்டினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2002ஆம் ஆண்டு அறிக்கை, இந்த ஒற்றை அமர்வுகளால் பயன் இல்லை என்றும், பாதிக்கப்பட்டோரை இதற்குக் கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றும் கூறியது.

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுவதில் உள்ள சிக்கல் இதுதான். வெட்டுபவரின் நல்லெண்ணம் தண்ணீரைக் கொண்டுவந்துவிடாது. மீள்திறனுக்கான பயிற்சியை ஒன்றும் நடக்காத நாளில், சலிப்பூட்டும் சாதாரண நாளில் செய்ய வேண்டும் என்பதே நான் இக்கடிதத்தில் வலியுறுத்த வந்தது. தங்கள் கட்டுரை ‘துன்பம் வரும்போது’ என்று தொடங்கியது. துன்பம் வரும்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள எவருக்கும் இயலாது. அப்போது கைகொடுப்பது ஏற்கெனவே கையில் படிந்திருப்பது மட்டுமே. நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முறையை நாங்கள் பொம்மையின் மீது திரும்பத் திரும்பப் பழகியதும் இதே காரணத்தால்தான்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நானாக ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். செவிலியர் ஒரு பணிநேரத்தில் எத்தனை முறை கை கழுவ வேண்டியிருக்கும் என்பது வெளியில் இருப்போருக்குத் தெரியாது. உலக சுகாதார அமைப்பு வகுத்த முறைப்படி சோப்பிட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடிகள் ஆகும். அந்த வினாடிகளில் கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்கும் நாவுக்கும் இல்லை. ஒரு நோயாளியின் படுக்கையிலிருந்து அடுத்தவரின் படுக்கைக்குப் போகும் இடைவெளியில், தண்ணீர் கையில் பட்டவுடன், ‘இப்போது எனக்குள் இருப்பது என்ன?’ என்று ஒரே ஒரு கேள்வியை என்னையே கேட்டு, அதற்கு ஒரே ஒரு சொல்லில் விடை சொல்லிக்கொள்வேன். அவ்வளவுதான். வேறு எதுவும் செய்யமாட்டேன். அந்த உணர்ச்சியை மாற்ற முயலமாட்டேன். சரியா தவறா என்று விசாரிக்கவும் மாட்டேன்.

இது எளிதாகத் தோன்றும். ஆனால் முதல் சில வாரங்கள் எனக்கு வந்த விடையெல்லாம் ‘டென்ஷன்’ என்பது மட்டுமே. நம்மில் பலருக்கும் அப்படித்தான். கோபம் வந்தாலும் டென்ஷன், பயந்தாலும் டென்ஷன், ஒருவர் நம்மை மதிக்காமல் போனாலும் டென்ஷன். எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே மூடி. தமிழிலோ இதற்கு எத்தனை சொற்கள்! நெருங்கியவர் செய்த சிறு தவற்றால் மனத்தில் தங்கிவிடும் கசப்புக்கு மனத்தாங்கல் என்று பெயர். செய்ய வேண்டியது செய்யப்படாமல் போகிறதே என்று அக்கறையோடு நோவது ஆதங்கம். ஒன்றும் செய்ய இயலாத நிலையில் உள்ளே பொங்குவது ஆற்றாமை. இரண்டு பக்கமும் போக முடியாமல் நிற்பது தவிப்பு. இவற்றோடு எரிச்சல், ஏக்கம், கூச்சம், கலக்கம், அலுப்பு, வெறுமை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. ஒரு நாள் மருத்துவர் ஒருவர் மீது எனக்குக் கடுங்கோபம் என்று மணிக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். கை கழுவும்போது அதன் பெயர் ஆற்றாமை என்று பிடிபட்டது. நோயாளி பிழைக்கமாட்டார் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். அதைச் சொல்லும் தைரியம் இருவருக்குமே இல்லை. கோபமாக இருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். ஆற்றாமை என்று தெரிந்ததால், அவரிடம் போய், ‘குடும்பத்தாரிடம் நாம் இருவரும் சேர்ந்தே பேசுவோமா?’ என்று கேட்க முடிந்தது.

பெயரிடுவதால் உணர்ச்சி ஏன் தணிகிறது என்பதற்கு மூளையிலும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. மேத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சினமோ அச்சமோ கொண்ட முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புடைய ‘அமிக்டலா’ என்ற பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. நெற்றிக்குப் பின்னால், வலப்புறத்தில் உள்ள ஒரு பகுதியின் இயக்கம் கூடியது. ஆய்வுக்கூடத்தில் படங்களைப் பார்ப்பதும் வாழ்க்கையில் அடிபடுவதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும் என் கை கழுவும் தொட்டியில் நான் கண்டதும் இதுவும் ஒத்துப்போயின.

மூச்சைப் பற்றித் தங்கள் கட்டுரை விரிவாகவே எழுதியிருந்ததால் நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மூச்சை ஆழமாக இழுங்கள் என்று சொல்வதைவிட, விடும் மூச்சை நீட்டுங்கள் என்று சொல்வது நன்று. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பின் வழியாக மெதுவாவதும் இயல்பு. இளம் வயதினரின் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான தொலைவு மூச்சோடு சேர்ந்து சுருங்கி விரிவதை நாங்கள் வெறுங்கண்ணால் பார்ப்போம். பதறிப்போனவரிடம் ‘ஆழமாக மூச்சு விடுங்கள்’ என்று சொன்னால் அவர் மேலும் மேலும் காற்றை இழுத்துத் தலைசுற்றலை வரவழைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கவலை. பணியில் இருந்த காலத்தைவிட ஓய்வுபெற்ற பிறகே இது என்னைப் பெரிதும் வாட்டியது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், மகளின் வேலை, என் முழங்கால், எப்போதோ ஒரு நோயாளியின் உறவினரிடம் நான் கடிந்து பேசிய ஒரு சொல் என ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ‘கவலைப்படாதே’ என்று சொல்வோர்க்கு இவ்வுலகில் பஞ்சமில்லை. எப்படிப் படாமல் இருப்பது என்று சொல்வோர்தாம் இல்லை. இதற்குத் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாரும் அவருடைய குழுவினரும் 1983இல் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தனர். கவலைப்படுவதைத் தடுக்க வேண்டியதில்லை, அதற்கென்று நேரமும் இடமும் ஒதுக்கிவிட்டால் போதும் என்பது அந்த வழி. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைப்பட வேண்டும். மற்ற வேளைகளில் கவலை தலைகாட்டினால், உனக்கு மாலையில் நேரம் தந்திருக்கிறேன் என்று சொல்லி ஒத்திவைத்துவிட்டு, கண்முன் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

நான் அரை மணியைக் கால் மணியாகச் சுருக்கிக்கொண்டேன். மாலை ஐந்தேகால் மணிக்கு, சன்னலோர நாற்காலியில், கையில் ஒரு சிறு ஏட்டோடு. படுக்கையறையை மட்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரவில் வருவதை இருட்டிலேயே ஏட்டில் இரண்டு சொல்லாகக் கிறுக்கி வைத்துவிடுவேன். மறுநாள் மாலை அதைத் திறந்தால் பாதியை என்னாலேயே படிக்க முடிவதில்லை. படிக்க முடிந்தவற்றில் சில, பகல் வெளிச்சத்தில் என்னைப் பார்த்து வெட்கப்படுகின்றன. மிஞ்சுவனவற்றில் நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா என்று பார்த்து, உண்டு என்றால் என்றைக்குச் செய்வேன் என்று எழுதிவிடுவேன். இல்லை என்றால் அதற்குரிய கவலையைப் பட்டுவிட்டு, ஐந்தரை மணிக்கு எழுந்துவிடுவேன். கவலை ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் வந்த நேரமெல்லாம் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளி, இப்போது வாசலில் நின்று நேரம் கேட்டுவிட்டு வருகிறது.

நாட்குறிப்பு எழுதுமாறு தங்கள் கட்டுரை சொன்னது. அதில் ஓர் எச்சரிக்கை விடுபட்டுவிட்டது. மனத்தை வருத்தும் நிகழ்ச்சிகளை எழுதுவதால் விளையும் பயனை முறையாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1986இல் சாண்ட்ரா பீலோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினார்கள். நிகழ்ச்சியையும் அதையொட்டிய தம் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவான முறையே மருத்துவ மையத்துக்குச் சென்றார்கள். ஆனால் எழுதி முடித்த அந்த வேளையில் அவர்களுடைய மனநிலை முன்பைவிடத் தாழ்ந்தே இருந்தது. இதைச் சொல்லாமல் எழுதச் சொன்னால், எழுதி அழுத முதல் நாளே, ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று ஏட்டை மூடிவிடுவார்கள். இன்னொன்று: அது நான்கு நாள் எழுத்து. ஒரே காயத்தை ஆண்டு முழுவதும் நாள்தோறும் கிளறுவதற்கு அந்த ஆய்வு சான்று தரவில்லை. ஒரே துயரத்தை அசைபோட்டுக்கொண்டே இருப்பது எத்தகைய கேட்டைத் தரும் என்பதற்கு வேறொரு சான்று உண்டு. 1989இல் கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நிகழ்வதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், சூசன் நோலன்-ஹோக்சிமா தற்செயலாகச் சில மாணவர்களின் மனப்போக்கைப் பதிவுசெய்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு பார்த்தபோது, முன்பே தம் சோர்வை அசைபோடும் பழக்கம் உடையவர்களிடமே மனச்சோர்வு மிகுந்திருந்தது. எழுத்து அசைபோடுவதாக மாறுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரு வழி, நேற்று எழுதிய வாக்கியமே இன்றும் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால், அன்றைக்கு ஏட்டை மூடிவிட்டு யாரிடமாவது பேசுவது நல்லது.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே உடன்பாடில்லாத பகுதி ஒன்று உண்டு. தீய எண்ணங்களை உள்ளே விடாதீர்கள், கண்ணாடி முன் நின்று ‘நான் வலிமையானவன், என்னை எல்லாரும் நேசிக்கிறார்கள்’ என்று சொல்லுங்கள் என்ற அறிவுரை அது. எண்ணத்தைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதை டேனியல் வெக்னர் 1987இல் காட்டிவிட்டார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று ஐந்து நிமிடம் கட்டுப்படுத்தப்பட்டவர்கள், நினைத்தபோதெல்லாம் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அவர்களுக்கே கரடி மிகுதியாக வந்தது. கண்ணாடி வாசகங்களின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. கனடாவைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தம்மைப் பற்றி ஏற்கெனவே நல்லெண்ணம் உடையவர்களுக்குச் சிறிதே நன்மை கிடைத்தது. தம்மைத் தாழ்வாக எண்ணுபவர்களுக்கோ மனநிலை மேலும் தாழ்ந்தது. யாருக்குத் தேவையோ அவரையே கைவிடும் மருந்தை மருந்தென்று சொல்லலாமா? தம்மால் நம்ப முடியாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே இருப்பவர் ‘பொய்’ என்று மறுத்துப் பேசத் தொடங்கிவிடுகிறார் போலும். அதற்குப் பதிலாக, இதே நிலையில் என் தோழி இருந்தால் அவளிடம் நான் என்ன சொல்வேன் என்று கேட்டுக்கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. தோழியிடம் நாம் பொய்யும் சொல்வதில்லை, கடுமையாகவும் பேசுவதில்லை.

21 நாள் என்ற கணக்குக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய ஒரு நூலில் போய் நிற்கும். அறுவைக்குப் பிறகு தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள்கள் ஆவதாக அவர் கவனித்து எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. பழக்கம் உருவாவதை நேரடியாக அளந்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 பேரைக் கொண்டு 12 வாரங்கள் நடந்த அந்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நிகழும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாள்கள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இந்த எண்களைவிட எனக்கு ஆறுதல் அளித்தது வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. 22ஆம் நாள் எழுந்து, தான் புதிய மனிதராகவில்லை என்று கண்டு, குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டும் வாசகரை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைப்பவரையும் எண்ணிப் பாருங்கள். இவர்களுக்குச் சரியான கணக்கைச் சொல்வதும் ஒரு சிகிச்சையே.

அந்த ஆய்வில் பங்கேற்றோர் எல்லாரும் தாம் தேர்ந்த செயலை அன்றாடம் தவறாமல் நிகழும் ஏதோ ஒன்றோடு கட்டிவைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘இனி நான் அமைதியாக இருப்பேன்’ என்பது வெறும் விருப்பம். ‘கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டவுடன் மூன்று முறை மூச்சை நீட்டி விடுவேன்’ என்பது ஏற்பாடு. பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலார், ‘இது நிகழ்ந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதன் வலிமையை 1990களில் விரிவாக ஆராய்ந்தார். நான் அவரைப் படித்தது பிற்பாடுதான். தண்ணீர்க் குழாய் எனக்கு அதை முன்பே சொல்லித் தந்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு இவற்றின் எல்லையையும் சொல்லாவிட்டால் நானும் அக்கட்டுரையின் குறையையே செய்தவளாவேன். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் மனவிழிப்புப் பயிற்சியை, அதாவது இந்தக் கணத்தில் நிகழ்வதை எடைபோடாமல் கவனிக்கப் பழகுவதை, பாடமாக நடத்திப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. வழக்கமாகப் பள்ளிகள் நடத்திவந்த பாடத்தைவிட அது மேலான பயனைத் தரவில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் வகுப்புக்கு வெளியே அதைப் பழகவே இல்லை. வேண்டும் என்று கேட்காதவர் மீது வகுப்பாக ஏற்றிவைப்பதால் இது வளராது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அலுவலகங்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய நோயாளிகளை ஒரு செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளுக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத் தருவது அக்கறை ஆகாது. எங்களுக்கும் அப்படி ஒரு வகுப்பு நடந்தது. வகுப்பு முடிந்து திரும்பும்போது, எங்களுக்காக இரண்டு மணி நேர வேலை சேர்ந்து காத்திருந்தது. மனத்தின் வேலையை மனம் செய்யட்டும், நிர்வாகத்தின் வேலையை நிர்வாகம் செய்யட்டும்.

தனி ஒருவராக மீள்வது என்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திறமையும் பரிவும் உள்ள பெரியவராக உருவானார். அவர்களின் வாழ்க்கையில் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை, நிலையாக அக்கறை காட்டிய ஒரு மனிதர். ஆகவே நாள்தோறும் செய்யும் பயிற்சிகளின் வரிசையில், ஒருவரிடம் காரியமில்லாமல் இரண்டு நிமிடம் பேசுவதையும் சேர்க்கலாம். உதவி கேட்க வேண்டிய நாளில் முதல் முறையாக ஒருவரைக் கூப்பிடுவது மிகக் கடினம். நேற்றும் பேசியவரைக் கூப்பிடுவது அவ்வளவு கடினமில்லை.

மேலும், சில நிலைகளில் இந்தச் சிறு பழக்கங்கள் எதுவுமே போதா. ஏறக்குறைய நாள் முழுவதும், நாள்தோறும், இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் தாழ்ந்தே இருந்தாலோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போனாலோ, தூக்கமும் பசியும் மாறி வேலையே ஓடாமல் போனாலோ, அது மருத்துவரிடம் போக வேண்டிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு முறிந்தவரிடம் தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று எவரும் சொல்வதில்லை. நடைப்பயிற்சி நல்லது என்பதில் ஐயமில்லை, ஆனால் முதலில் எலும்பு கூட வேண்டும். கடுமையான அதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதே பழைய காட்சிகளைக் கொண்டுவந்துவிடும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, அறையில் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பார்ப்பதே பாதுகாப்பானது. அதுவும் தாளவில்லை என்றால் பயிற்சியை விட்டுவிடுவதில் தோல்வி ஏதும் இல்லை.

ஆசிரியர் அவர்களே, பத்து வழிகளைக் கண்டுபிடித்து எழுதிய கட்டுரையாளரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதே பத்தையும் பத்து வாரங்களுக்குப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டால் என்ன என்று கேட்கவே இவ்வளவும் எழுதினேன். ஒவ்வொன்றோடும், அதற்கு எத்தனை நிமிடம் ஆகும், எந்த அன்றாட வேலையோடு அதைக் கட்டலாம், முதல் சில நாள் எப்படி இருக்கும், யார் அதைச் செய்யாமல் இருப்பது நல்லது என்ற நான்கு செய்திகள் இருந்தால் போதும். மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகளைப் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு வாரமும் திரும்பத் திரும்ப அச்சிட்டாலும் வாசகர்கள் சலித்துக்கொள்ளமாட்டார்கள். முதல் வாரத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், உணர்ச்சிக்குப் பெயரிடுவதைச் சொல்வேன். மேலே நான் எழுதிய சொற்களோடு, வாசகர்கள் தம் வீட்டிலும் பாட்டி வாயிலும் கேட்ட சொற்களையும் அனுப்பச் சொன்னால், ‘டென்ஷன்’ என்ற ஒற்றை மூடியின் கீழ் என்னென்ன கொதித்துக்கொண்டிருந்தன என்பது தங்களுக்கே தெரியவரும். என் பங்குக்கு ஒன்றை இப்போதே அனுப்பிவைக்கிறேன்: அங்கலாய்ப்பு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்